மயிரிழைத் தகடு

பழைய லென்ஸ்களிடம் எனக்குப் பிடித்த குணம், அவை முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் ஓடுவதில்லை. வளையத்தை நாம்தான் திருப்ப வேண்டும். முகம் தெளிந்துவிட்டதா என்று நம் கண்தான் சொல்ல வேண்டும்.

நீங்களும் என்னைப் போலக் கேமரா பழுது பார்ப்பவர் என்பதால் சுற்றி வளைக்கவில்லை. என் மகள் விற்கச் சொல்லி உங்களிடம் கொடுத்த கேமராவுக்குள், பார்வைத் திரைக்கு மேலே கிடந்த பித்தளைத் தகடு நான் வைத்ததுதான். என்னிடம் கொடுத்தால் நான் வருத்தப்படுவேன் என்று உங்களிடம் வந்திருக்கிறாள். லென்ஸ்களை மட்டும் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

மூன்றும் அவள் அம்மாவுடையவை, ஃபிலிம் காலத்து லென்ஸ்கள். என் மனைவி எடுத்த படங்கள் ஒரு கட்டத்தில் மங்க ஆரம்பித்தன. டாக்டர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு பார்வை போனது, ஐந்து வருஷம் கழித்து அவளும் போய்விட்டாள். மகள் ஓர் இணைப்பு வளையம் வாங்கி அந்த லென்ஸ்களைத் தன் டிஜிட்டல் கேமராவில் மாட்டிக்கொண்டாள். கண்ணை வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டிய பழைய மாடல் அது. "இதைத் திருப்பறப்ப அம்மா விரலைத் தொடற மாதிரி இருக்குப்பா" என்பாள்.

அவளுக்குக் கடல் தாண்டி ஓர் அருங்காட்சியகத்தில் படமெடுக்கும் வேலை கிடைத்தது. நானும் இனிப்பு வாங்கி வந்தேன். ஆனால் ஐந்து வருஷம் மனைவியைப் பிடித்து நடத்திய கை இது. மகளும் போய்விட்டால் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

ஒரு ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனபோது தகட்டை வைத்தேன். பத்து நிமிட வேலை. கையால் திருப்பும் லென்ஸில் கண் தெளிவு பார்ப்பது அந்தத் திரையில்தானே. அது மயிரிழை இறங்கினால் போதும், கண்ணுக்கு எல்லாம் பளிச்சென்று தெரியும், படம் மட்டும் மங்கும்.

அவள் கேமராவைத்தான் முதலில் சந்தேகப்பட்டாள். "என்னன்னு பாருங்கப்பா" என்று என்னிடமே கொடுத்தாள். தானாக ஃபோகஸ் செய்யும் புது லென்ஸை மாட்டி அவளையே ஒரு படம் எடுத்தேன். அதற்குத்தான் அந்தத் திரை தேவையில்லையே. இமை முடியை எண்ணலாம், அத்தனை தெளிவு. படத்தைக் காட்டினேன், வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"அப்ப கேமரா சரியாத்தான் இருக்கு" என்றாள். அம்மாவின் லென்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மாவுக்கும் இப்படித்தானேப்பா ஆரம்பிச்சுது?"

ஆமாம் என்றேன். அது உண்மைதானே.

டாக்டர் அவளிடமும் ஒன்றுமில்லை என்றார். அதைக் கேட்டுத்தான் அவள் ரொம்பப் பயந்தாள். வேலை வேண்டாமென்று எழுதிப் போட்டுவிட்டாள். இப்போது மத்தியானங்களில் கண்ணில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகுகிறாள். சமையலறைக்குப் பதினான்கு அடி, என் அறைக்கு ஒன்பது. முழங்காலெல்லாம் கன்றிப்போயிருக்கிறது. நான்தான் மருந்து போட்டுவிடுகிறேன்.

போன வாரம் கூப்பிட்டாள். "ஜன்னல்கிட்ட வந்து நில்லுங்கப்பா. பார்வை இருக்கறப்பவே உங்க முகத்தை மனசுல பதிச்சுக்கறேன்."

வெளிச்சம் நன்றாக விழும்படி நின்றேன். ரொம்ப நேரம் பார்த்தாள். நான் அசையவில்லை, அவளுக்கு நான் தெளிவாகத் தெரிய வேண்டுமல்லவா.

அவளிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். குழந்தை இப்போதுதான் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறாள்.