தூக்கத்தில் வந்தது

எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்திருப்பது நான்தான், டாக்டரம்மா. மாட்டுக்குத் தீனி போட்டு, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்துதான் மகள் யோகப்பிரியாவை எழுப்புவேன். அவள் அப்பா இறந்த பிறகு கொழிஞ்சாம்பாறைத் தோட்டத்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

பத்தாவது படிக்கும்போது அவளுக்கு வலிப்பு ஆரம்பித்தது. தூக்கத்தில்தான் வரும். வந்து போனது அவளுக்கே தெரியாது. எழுந்ததும் என் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். நான் சொன்னால்தான் உண்டு. பிறகு உங்கள் மாத்திரை ஒத்துக்கொண்டது. வருவது நின்றுவிட்டது. அதை நான் உங்களிடம் சொல்லவில்லை.

பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை கிடைத்தது. முதல் நாள் சேலை கட்டும்போது, "ராத்திரி வந்துச்சாம்மா?" என்றாள். பஸ்ஸில் விழுந்தால் யார் பிடிப்பார்கள் என்று எனக்குப் பயம். "லேசா வந்துச்சு கண்ணு," என்றேன். சேலையை அவிழ்த்து மடித்து வைத்தாள். அன்று முழுக்க என்னோடு உட்கார்ந்து கடலைக்காய் உரித்தாள். எனக்கு அந்த நாள் நன்றாக இருந்தது.

அப்புறம் அவ்வப்போது சொன்னேன். சிநேகிதி பிரதீபாவின் கல்யாணத்துக்குக் கிளம்பியபோது சொன்னேன். பெண் பார்க்க வருகிறோம் என்று ஆள் அனுப்பிய வாரம் தினமும் சொன்னேன். நீங்கள் என்னை நம்பி மாத்திரையைக் கூட்டினீர்கள். பகலெல்லாம் தூங்கி வழிந்தாள்.

தலை சீவுவதை விட்டாள். சோற்றுத் தட்டைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "நான் எதுக்கும்மா இருக்கறேன்?" என்று ஒருநாள் கேட்டாள். பால் பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

வலிப்பு உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவதுண்டு, மருந்து இருக்கிறது, அவளைப் பேசவிடுங்கள் என்று நீங்கள் சொன்னபோது எனக்குப் பாரம் இறங்கியது. நோயால் வந்ததுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

போன வாரம் கிணற்று மேட்டில் நின்றவளைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தார். இங்கே சேர்த்தோம். தலையில் ஒயர் ஒட்டித் தூங்கவைத்துப் பார்த்தீர்கள். ஒன்றுமே வரவில்லை என்கிறீர்கள். வீட்டிலாவது உண்மையில் வந்ததா என்று கேட்கிறீர்கள்.

இல்லீங்க. மாத்திரை ஒத்துக்கொண்ட பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. என் பிள்ளையைக் கிணற்று மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்.

அவளிடமும் சொல்லிவிடத்தான் காலையில் கட்டிலருகே போனேன். கண் விழித்ததும் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்தேன்.

"வந்துச்சு கண்ணு. அம்மா இருக்கறேனல்ல," என்றேன்.

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நானும் இல்லையென்றால் அவள் யார் கையைப் பிடிப்பாள், நீங்களே சொல்லுங்க.