எட்டடி தூரத்துப் பந்து

தேநீர் நன்றாக இருக்கிறது. கோப்பையின் பிடியை இரண்டு முறை தொட்டுவிட்டுத்தான் குடிப்பேன், தவறாக நினைக்காதீர்கள். எதையும் தெரிந்தே தொடங்கி, தெரிந்தே முடிக்க வேண்டும். என் மனைவி இறந்த பிறகு வந்த பழக்கம் இது.

ஐலா தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே போய்விட்டாள். "ஈவன், வரும்போது ஒரு..." என்றாள். அதோடு சரி. ஒரு என்ன என்று ஆறு வருடமாக எனக்குத் தெரியாது. ரொட்டியாக இருக்கலாம், பாலாக இருக்கலாம். அந்த அரைகுறைப் பேச்சு என்னை அரித்துத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து காலையில் திரையை விலக்கியதும் "தொடங்கியாச்சு" என்பேன். படுக்கும்முன் காலணிகளை ஜோடி சேர்த்து வைத்து "முடிஞ்சுது" என்பேன். நடுவில் யாராவது கலைத்தால் முதலிலிருந்து வர வேண்டும்.

கோல்ஃபிலும் அப்படியே. பந்துக்குப் பின்னால் நின்று ஒரு நீண்ட மூச்சு, கையுறையை ஓர் இழுப்பு, மட்டையை இரண்டு முறை வெறுமனே வீசிப் பார்ப்பது. ஆட்டம் முடிந்தால் குழியில் கொடியை நட்டு, தொப்பியைக் கழற்றி, எதிராளியின் கையைக் குலுக்குவது. லாக்லன் கிண்டல் செய்வான். முப்பது வருடமாக ஞாயிறுதோறும் என்னோடு ஆடியவன், எனக்கிருந்த ஒரே நண்பன்.

"பந்துக்கு ஞானஸ்நானம் கொடுத்தாச்சா பாதிரியாரே? மழை வருதுடா, சீக்கிரம் அடி."

ஆனால் நான் மூச்சை இழுக்கத் தொடங்கினால் வாயை மூடிக்கொள்வான். அடிக்கப் போகிறவன் காதில் சத்தம் விழக் கூடாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை.

இன்னொரு வழக்கத்தையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பந்து குழிக்கு ஒட்டினாற்போல் கிடந்தால், அடித்துக் காட்டத் தேவையில்லை. எதிராளி "எடு" என்பான். விட்டுக்கொடுத்தேன் என்று அர்த்தம். பந்தை எடுத்துக்கொள்ளலாம். அதோடு அந்தக் குழி முடிந்தது.

போன ஞாயிறு கடைசிக் குழிவரை சமமாக வந்தோம். என் பந்து குழிக்கு எட்டடியில் கிடந்தது. அது உள்ளே போனால் ஆட்டம் எனக்கு. நான் பின்னால் நின்று மூச்சை இழுத்தேன். அப்போதுதான் லாக்லன் புல்லில் மண்டியிட்ட சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை. அவனும் நான் மூச்சை விட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்தான். அவ்வளவு மரியாதை தெரிந்தவன். பிறகுதான் சொன்னான்.

"எடு, ஈவன்."

நான் பந்தை எடுத்தேன்.

அவனுடைய நெஞ்சு மருந்து என் கோட்டுப் பையில்தான் இருந்தது, உண்மை. நாக்குக்கு அடியில் அடிக்கிற சின்னக் குப்பி. அவன் பை கிழிந்திருந்ததால் காலையில் என்னிடம் தந்து வைத்தான். ஆனால் அவன் மருந்து என்று சொல்லவில்லையே. "எடு" என்றான். கொடியை நட்டுக்கொண்டிருந்தபோது இன்னொரு முறை சொன்னான். "எடுடா." ஆட்டத்தை ஒழுங்காக முடித்துவிட்டு வருவோம் என்று நினைத்தேன். ஐலாவுக்கு வாய்க்காத முடிவு அவனுக்காவது வாய்க்கட்டும் என்றுதான்.

தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் குலுக்கினேன். வியர்வையில் சில்லிட்டிருந்தது. விரல்கள் என் கையை விட்டுவிட்டுக் கோட்டைப் பிடித்து இழுத்தன. "எடு" என்றான். நான் "நல்லா ஆடினே, லாக்லன்" என்றேன். பிறகு கிளப்புக்கு நடந்து போய், காலணியை மாற்றி, பழையதைத் துடைத்து ஜோடியாக வைத்துவிட்டு, கல்லாவில் இருந்த மார்கரெட்டிடம் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். அவள் அலறிக்கொண்டு ஓடினாள். எனக்கு அழுகை வந்தது. அவனை நான் எவ்வளவு நேசித்தேன் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எட்டடியை யாராவது விட்டுக்கொடுப்பார்களா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முப்பது வருடத்தில் லாக்லன் எனக்கு ஒரு சாண்கூட விட்டுக்கொடுத்ததில்லை, கஞ்சன். அன்றைக்கு மனம் இளகியிருக்கலாம் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் நான் எழுந்து நடக்கத் திரும்பியபோது நான்காவது முறையும் சொன்னான். விட்டுக்கொடுப்பதை யாரும் நான்கு முறை சொல்வதில்லை. அது எனக்கு இரண்டாவது முறையிலேயே தெரியும்.