மணி விழுந்தால் என்னைப் பார்ப்பார்கள்

நீங்கள் கொடுத்த காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் கிடங்கில் கிடைப்பது கொதிக்கவைத்த தார். அதையும் பதினாலு வருஷம் குடித்தேன்.

வெண்டல் ப்ரோகாப், வயது எழுபத்திரண்டு. சாட்ஸ்வொர்த் ஊரில் வயதுவந்தோருக்கான படம் எடுக்கும் கிடங்கில் செட் போடும் தச்சன். ராணி, கைதி, சிம்மாசனம், பாதாளச் சிறை: எங்கள் படங்கள் அந்த ரகம். சிம்மாசனம் ஒன்றரை யானை எடை என்று எல்லாரிடமும் சொல்வேன். உண்மையில் அது தெர்மாகோல், சுண்டுவிரலால் தூக்கலாம். சிறைக் கம்பிகள் கறுப்பு பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் குழாய். நிஜ ஜெயிலில் இருந்து வந்த ஒருத்தன் அதைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதான் என்றும் சொல்வேன். அவன் லேசாக மூக்கை உறிஞ்சியது உண்மை.

அங்கே நிஜமானது ஒன்றுதான், மணி. கைதியாக நடிப்பவனுக்குத் தோல் முகமூடி போட்டு வாயைக் கட்டியிருப்பார்கள். மூச்சுவிட மூக்குக்கு நேரே இரண்டு சின்னத் துளைகள் மட்டும். 'நிறுத்து' என்று அவனால் சொல்ல முடியாது. அதனால் அவன் கையில் ஒரு பித்தளை மணியைக் கொடுப்போம். தாங்க முடியாதபோது அதை விட்டுவிடுவான். சிமென்ட் தரையில் கணீரென்று விழும். மணிக்காரன் 'நிறுத்து' என்பான். கேமரா நிற்கும், கிடங்கு விளக்குகள் எல்லாம் எரியும், ராணி சாட்டையை எறிந்துவிட்டு ஓடிப்போய்க் கட்டை அவிழ்ப்பாள். பிறகு கைதிக்குப் போர்வை போர்த்தி, ஆரஞ்சு ஜூஸ் கொடுத்து, தோளைத் தடவிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

மணிக்காரன் நான்தான்.

ராணியாக நடிக்கும் ரோண்டா கண்ணை அசைத்தால் ஆறடி ஆள் மண்டியிடுவான். அந்த ரோண்டா என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுவாள். வருஷத்தில் இரண்டு தடவை மணி விழும். அந்த நொடியில் ஒன்பது பேரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். வெளியே சொல்லும்போது தொண்ணூறு பேர் என்பேன். என் வீட்டில் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாய் திறப்பது கொட்டாவி விடத்தான்.

போன வாரம் மேனேஜர் பிரிட்ஜெட் வந்து சொன்னாள்: “வெண்டல், அந்த மணி விழுந்தா செவிடனுக்கே கேக்குது. அதுக்குன்னு ஒரு ஆளு எதுக்கு? யாரு காதுல விழுந்தாலும் அவங்களே நிறுத்தச் சொல்லிக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழமையோட நீங்க வீட்ல ஜாலியா இருங்க.”

“ஜாலிக்கு என்ன குறைச்சல்? நானும் ஃபிரிட்ஜும் ஜோடியா டான்ஸ் ஆடுவோம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். சத்தம் கேட்பதால்தான் நான் வேண்டாம். கேட்காவிட்டால் ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

என் பிரிவுப் பரிசாக சிறை செட் முழுக்க ஒரு சிவப்புக் கம்பளம் வாங்கிப் போட்டேன். பூனை நடந்தால் முழங்கால் வரை புதையும்.

“பெருசு, இப்பத்தான்யா எனக்கு ராணி மாதிரியே இருக்கு. சிமென்ட்ல ஹீல்ஸ் போட்டுப் போட்டு என் முட்டி போச்சு” என்று ரோண்டா கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். இந்தப் பக்கம்.

கைதி வேஷக்காரன் லைல், செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்தான். “ஜெயில்ல கம்பளமா? அப்ப நான் இங்கயே குடிவந்துடறேன். சாப்பாடும் உண்டுல்ல, ராணியம்மா?”

“உனக்கு உதைதான் உண்டு” என்றாள் ரோண்டா.

படப்பிடிப்புக்கு முன்னால் மணியை ஒருமுறை போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அன்று வாசல் பக்கம் போய், வெறும் சிமென்டில் போட்டுக் காட்டினேன். கணீர். பிரிட்ஜெட் கட்டைவிரலை உயர்த்தினாள். பிறகு மணியை லைலின் கையில் வைத்தேன். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு முகமூடிக்குள் போனான்.

வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி. ரோண்டா சிம்மாசனத்தில் இருந்தபடி நீளமாகத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். லைலின் கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தன. என் ஸ்டூலில் இருந்து பார்த்தால்தான் தெரியும். ஆறாவது நிமிடம் விரல்கள் விரிந்தன. மணி விழுந்தது. பஞ்சு மூட்டையில் விழுந்த மாதிரி.

என் திட்டத்தில் குறையே இல்லை. நான் 'நிறுத்து' என்பேன். எல்லாரும் திரும்புவார்கள். பார்ப்பதற்கு ஆள் வேண்டும் என்று பிரிட்ஜெட்டுக்குப் புரியும். வாயைத் திறந்தேன்.

ஆனால் யாரும் திரும்பவில்லை. பதினாலு வருஷமாக முதலில் அவர்கள் திரும்புவார்கள், பிறகுதான் நான் சொல்வேன். அதனால் காத்திருந்தேன். லைலின் தோள்கள் குலுங்கின. “பின்றான் பாரு” என்று பிரிட்ஜெட் கேமராக்காரனிடம் கிசுகிசுத்தாள். அவள் கண் போகும் இடத்தில் தெரியும்படி ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்திக்கூடப் போட்டேன். பிறகு தோள்கள் குலுங்கவில்லை.

மணி விழுந்ததிலிருந்து அவன் மூச்சு நிற்க நான்கு நிமிடம் என்று உங்கள் போலீஸ் டாக்டர் சொல்கிறார். நான் எதையும் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன். இதை மட்டும் கூட்டவில்லை. நான்கு நிமிடம்தான்.

ரோண்டா இறங்கி வந்து முகமூடியைக் கழற்றினாள். என் பெயரைச் சொல்லி அலறினாள். ஒன்பது பேரும் திரும்பினார்கள். அப்போது சொன்னேன், “நிறுத்து.”

எழுதிக்கொள்ளுங்கள். கம்பளத்தை நான்தான் போட்டேன். மணி விழுந்ததை நான் பார்த்தேன். ஒருத்தராவது திரும்பி, 'வெண்டல், எல்லாம் சரியா?' என்று கேட்டிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பேன். அதையும் எழுதுங்கள், அது முக்கியம். யாரும் கேட்கவில்லை.

நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள்.