ஒன்பது கேசட், ஒரு டம்ளர் தண்ணீர்

ஓடுகிறோம். நொய்யல் கரை. முன்னால் சுகந்தி அம்மா. பின்னால் நான். என் தோளில் கேமராப் பை. முகம் தெரியாமல் துண்டைச் சுற்றியிருக்கிறேன். மூச்சு வெளியே போக வழி இல்லை.

கல் வருகிறது. முதல் கல் பம்புசெட் தகரத்தில். டணார். இரண்டாவது ஆற்றில். மூன்றாவது கல்லுக்குச் சத்தம் இல்லை. சுகந்தி அம்மா இடது காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரல் இடுக்கில் ரத்தம்.

"அம்மணி, எந்திரிங்க! சோளக்காட்டுக்குள்ள போங்க! குனிஞ்சுக்கங்க!"

பின்னால் கத்துகிறார்கள். "கேமராவப் புடுங்குடா! உடாதே!"

ஐப்பசி மாதம். செவ்வாய்க்கிழமை. காலை பத்து நாற்பது. வருஷம் தொண்ணூற்று மூன்றா நான்கா என்று தடுமாறுகிறேன். மணியில் தடுமாற்றம் இல்லை. எங்கள் கம்பெனியில் பத்தரைக்கு டீக்கு மணி அடிக்கும். கரையில் நின்று அதைக் கேட்டேன். அது அடித்துக் கொஞ்ச நேரத்தில்தான் கல் வந்தது.

சோளம் ஆள் உயரம். உள்ளே படுத்தோம். சோளத்தோகை கன்னத்தை அறுத்தது. ஆட்கள் வரப்பில் போகிற காலடி கேட்டது. போனது. திரும்பியது. மறுபடி போனது.

சுகந்தி அம்மா என்னிடம் முதலில் கேட்டது காதைப் பற்றி அல்ல.

"கேசட் இருக்காண்ணே?"

"இருக்குதுங்க."

"அப்பச் சரி."

நான் சின்னப்பன். நாலாவது வரை படித்தேன். எழுதிப் பழக்கம் இல்லை. அப்பன் ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தார். அந்தத் தோட்டத்துக்காரர் மகன் திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறை வைத்தார். நான் அங்கே போனேன். அப்பன் அந்தக் குடும்பத்தைப் பண்ணாடி என்பார். நான் முதலாளி என்றேன். அதுதான் எங்கள் இரண்டு தலைமுறைக்கும் உள்ள வித்தியாசம் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு நாலாம் நம்பர் விஞ்ச். கொதிக்கிற சாயத் தண்ணீரில் துணியைச் சுற்றிச் சுற்றி விடும் மெஷின். துணி வெளியே வந்ததும் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக் காய வைக்க வேண்டும். அதற்குக் கட்டிங் என்று பேர். விஞ்ச் நம்பர் எழுதின சீட்டோடு அதைப் பின் அடித்து வைப்போம். நாளைக்குக் கலர் மாறிப்போனால் யார் ஓட்டியது என்று தெரிய வேண்டும். அதற்காக.

மிச்சத் தண்ணீர் ஆற்றுக்குப் போகும். மேற்கே மலையில் மழை பெய்து ஆற்றில் புதுத்தண்ணீர் வருகிற நாளில் அதைத் தேக்கின தொட்டியைத் திறப்பார்கள். மழையோடு மழையாகப் போய்விடும். வெளியாட்களுக்கு அது தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஆற்றின் நிறத்தைப் பார்த்து இன்றைக்கு எந்தப் பட்டறையில் என்ன லாட் என்று சொல்வோம். அதைத் தமாஷாகத்தான் சொல்வோம்.

சுகந்தி அம்மா மதுரைப் பக்கம். முப்பது வயதுக்குள். ஆவணப்படம் எடுக்க வந்தவர். கேமரா இரவல். டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவார். மூன்று மாதம் ஊர் ஊராக நடந்தார். யாரும் அவரை விரட்டவில்லை. எங்கள் பக்கம் அப்படி விரட்ட மாட்டார்கள். "வாங்க அம்மணி, உக்காருங்க, டீ குடிங்க" என்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்பார்கள்.

"அண்ணே, உங்க ஊர்ல டீ குடிச்சே என் வயிறு புண்ணாப் போச்சு" என்றார் ஒரு நாள். "மரியாதைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. ஒருத்தராவது வாயத் தொறக்கணுமே."

முதலில் வாய் திறந்தது மயிலாத்தாள். ஐம்பது வயது. புருஷன் இல்லை. ஆற்றோரம் ஒரு ஏக்கர் தென்னை, குத்தகைக்கு. இரண்டு எருமை. கேமராவைப் பார்த்ததும் தலையைக் கோதிக்கொண்டது.

"ஏனுங்க அம்மணி, எம்பட மூஞ்சி டிவில வருமா? முன்பல்லு ரெண்டு இல்லீங்களே."

"பல்லு தெரியாம எடுக்கறேன்க்கா."

"வேண்டாஞ் சாமி. தெரியட்டும். இந்தத் தண்ணியக் குடிச்சு உழுந்துச்சுன்னு சொல்லிப்போடறேன்."

எல்லோரும் சிரித்தோம். பிறகு மயிலாத்தாள் இளநீர் ஒன்றை வெட்டி நீட்டியது. குடித்துப் பார்த்தேன். உப்புக் கரித்தது. இளநீர்.

மயிலாத்தாள் பேசியதும் மற்றவர்கள் பேசினார்கள். மொத்தம் பதினொரு பேர். சிலரை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "இந்தப் பொண்ணு நம்ம பொண்ணு மாதரங்க, பயமில்லீங்க" என்று சொன்னேன். என்னை நம்பி வந்தார்கள். எங்கள் விஞ்ச் ஆட்கள், மடித்துக் கட்டுகிற பெண்கள். கை வெந்ததைக் காட்டினார்கள்.

நான் பேசவில்லை. "எம்பட மூஞ்சி வேண்டாங்க அம்மணி" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை.

சுகந்தி அம்மாவுக்கு அத்தாட்சி தேவைப்பட்டது. வாயால் சொல்வது போதாது, தொட்டி திறக்கிறதைப் பகலில் எடுக்க வேண்டும், எந்தப் பட்டறை என்றும் தெரிய வேண்டும் என்றார். திங்கட்கிழமை மலையில் மழை. அன்றைக்கு என் விஞ்சில் நேவி புளூ. செவ்வாய்க்கிழமை காலை திறப்பார்கள் என்று நான் சொன்னேன். கட்டிங்கையும் சீட்டோடு எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதைத் தண்ணீருக்குப் பக்கத்தில் பிடித்தார். தண்ணீரும் துணியும் ஒரே நிறம். ஒரே படத்தில் இரண்டையும் எடுத்தார். கேமரா ஓடுகிற சத்தம் கேட்டது. மெதுவான சத்தம். தூரத்தில் தறி ஓடுவதுபோல.

பிறகு பட்டறை ஆட்கள் பார்த்துவிட்டார்கள், கல் வந்தது. அவர் கையிலிருந்த கட்டிங் கரையில் விழுந்தது. விழுந்ததை நான் பார்த்தேன். எடுக்கத் திரும்பவில்லை.

மாலை நாலு மணிக்கு சுகந்தி அம்மாவைக் காங்கேயம் பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். காதுக்குத் தையல் போட்டுக்கொண்டு சனிக்கிழமை வந்து கேசட்டை வாங்கிக்கொள்கிறேன் என்றார். பஸ்ஸில் பிடித்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயம்.

கேசட் ஒன்பது. ராயபுரத்தில் ஒரு வேஸ்ட் குடோன். பனியன் வெட்டின கழிவுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். என் மச்சான் அந்தோணிக்கு அங்கே வேலை. ஒரு மூட்டையின் நடுவில் வைத்தோம். பச்சை நூலால் கட்டினோம். நூறு மூட்டையில் ஒன்று. எனக்கும் அந்தோணிக்கும் மட்டும் தெரியும்.

புதன். வியாழன். வேலைக்குப் போனேன். மார்பு நிமிர்ந்து நடந்தேன். அந்த இரண்டு நாள் மட்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்து. ஜீப் சத்தம். எங்கள் சனம் குடியிருக்கும் வளவு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. முதலாளி இறங்கினார். தனியாக. ஆள் யாரும் இல்லை. தடி இல்லை. எங்கள் வளவுக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அவர் அப்பாவும் வந்ததில்லை.

நேராக என் ஊட்டுக்கு வந்தார். வாசல் கட்டிலில் உட்கார்ந்தார். உள்ளே படுத்திருந்த அப்பன் எழுந்து நின்றுவிட்டார்.

"சின்னா, உங்கொப்பன் எப்படிடா இருக்கறான்?"

"இருக்கறாருங்க."

"தாகமா இருக்குது. தண்ணி கொண்டா."

அவர்கள் தோட்டத்தில் அப்பன் கொட்டாங்கச்சியில் தண்ணீர் குடித்து நான் பார்த்திருக்கிறேன். அது தூரத்தில் தனியாகச் செருகியிருக்கும். இன்றைக்கு அவர் என் ஊட்டில் தண்ணீர் கேட்கிறார்.

எங்கள் கிணறு சாயம் இறங்கிக் கெட்டுப்போய் இரண்டு வருஷம். குடிக்கிற தண்ணீரை ரோசம்மா, என் பொண்டாட்டி, இரண்டு மைல் மேற்கே போய்ச் சுமந்து வரும். கடைசிக் குடம் இருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. நான்தான் கொண்டுபோனேன். இரண்டு கையாலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

குனிந்து நின்றேன். அவர்கள் முன்னால் அப்படித்தான் நிற்போம். தரையைத்தான் பார்ப்போம். அவர் செருப்பும் கட்டில் காலும் தெரிந்தன. கட்டில் பலகையில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. ணங். குடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்துக் கட்டிலில் போட்டார். நேவி புளூ கட்டிங். சீட்டில் நாலு என்று என் கையெழுத்து.

"நான் கோவிச்சுக்கல. அந்தப் புள்ள எடுத்த படம் எங்கிருக்குது, சொல்லு. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன். நம்முளுக்குள்ள எதுக்குடா வம்பு?"

அடிக்கவில்லை. மிரட்டவில்லை. ஒரு ரூபாய் நீட்டவில்லை. என் ஊட்டில் தண்ணீர் குடித்தார் என்று நினைத்தேன். நம்முளுக்குள்ள என்றார். போதுமாக இருந்தது.

"ராயபுரங்க பண்ணாடி. வேஸ்ட் குடோனுங்க. பச்சை நூலு கட்டுன மூட்டைங்க."

என் வாயிலிருந்து அப்பனின் சொல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் மரியாதை வைத்துச் சொன்னேன்.

ஜீப் போனது. வளவே என்னைப் பார்த்தது. பெருமையாக இருந்தது. அதையும் எழுத வேண்டும். பெருமையாக இருந்தது.

ரோசம்மா டம்ளரை எடுக்கப் போனது. எடுக்காமல் நின்றது.

"ஏனுங்க. வெச்ச தண்ணி வெச்சபடியே இருக்குதுங்க."

ததும்ப இருந்தது. விளிம்பு ஈரம் இல்லை. என் ஊடு என்பதால் குடிக்கவில்லையா? தண்ணீரில் அவர் விட்டது என்ன என்று அவருக்குத் தெரியும் என்பதால் குடிக்கவில்லையா? இன்றைக்கும் தெரியாது. அது நல்ல தண்ணீர். அவருக்கு அது தெரியாது.

சைக்கிளை எடுத்தேன். செயின் கழன்றது. மாட்டினேன். மறுபடி கழன்றது. ராயபுரம் சேர்ந்தபோது ஏழு இருபத்தைந்து. புகை தெருமுனையிலேயே தெரிந்தது. பஞ்சுத் துணி எரிந்தால் சத்தம் வராது. கேசட் எரிந்தால் வரும். பட். பட். தனித்தனியாக. நான் எண்ணவில்லை. எண்ணாமலே கேட்டது.

அந்தோணி மூட்டையை இழுக்கப் போயிருந்தான்.

"வெளிய வாடா! உடு, உட்டுட்டு வாடா!"

வந்தான். வலது கை உள்ளங்கை வெந்து ஒட்டிப்போயிருந்தது. "யாரு மாமா சொன்னது? யாருக்குத் தெரியும்?" என்றான். நான் அவன் கையில் என் துண்டைச் சுற்றினேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு கேட்கவில்லை. சாகும் வரை கேட்கவில்லை.

கேசட்டை எரிக்கும் முன் போட்டுப் பார்த்திருக்க நேரம் இல்லை என்று நினைத்தேன். ஆனால் சுகந்தி அம்மா கேசட் ஒவ்வொன்றின் மேலும் பேர் எழுதி ஒட்டியிருந்தார். யார் பேசியது என்று. ஒழுங்கான மனுஷி. படிக்க ஒரு நிமிஷம் போதும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சுகந்தி அம்மா குடோனுக்கு வந்தார். காதில் கட்டு. கரியைப் பார்த்தார். குந்தி உட்கார்ந்து கையால் கிளறினார். உருகின ஒரு துண்டை எடுத்தார்.

"எப்படிண்ணே தெரிஞ்சுது?"

"தெரியலீங்க அம்மணி."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலேல்ல? அது போதும்ணே."

அந்தச் சொல்லை நான் இன்னும் சுமக்கிறேன். கல்லை விட.

திங்கட்கிழமை கம்பெனி வாசலில் பேர் படித்தார்கள். ஏழு பேருக்கு உள்ளே இடம் இல்லை. வேறு கம்பெனியிலும் எடுக்கவில்லை. மயிலாத்தாளிடம் குத்தகையைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். பாலை யாரும் வாங்கவில்லை. எருமையை விற்றுவிட்டு மடத்துக்குளத்தில் மகள் ஊட்டுக்குப் போனது. பஸ் ஏறும்போது, "அந்தப் பொண்ணுக்குக் காது எப்படியிருக்குதுங்க?" என்று என்னிடம் கேட்டது. தையில் செத்துப்போன சேதி வந்தது. நான் போகவில்லை.

சுகந்தி அம்மா மறு வருஷம் ஒரு தடவை வந்தார். புதுக் கேமரா. ஊடு ஊடாகப் போனார். டீகூட யாரும் கொடுக்கவில்லை. பிறகு வரவில்லை.

நான் அதே விஞ்சில் இன்னும் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன்.

இப்போது போனை நீட்டிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். பத்திரிகை என்கிறார்கள், படம் என்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் பேசவில்லை, ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று எழுதுகிறார்கள். பயம் மட்டும் இல்லை. பேசினவர்களை ஒருவன் காட்டிக்கொடுத்தான். பயம் அங்கிருந்து வந்தது. அதை எழுதுங்கள்.

எண்ணிச் சொல்கிறேன்.

கேசட் ஒன்பது.

உள்ளங்கை ஒன்று. அந்தோணியுடையது.

காது ஒன்று. இடது. திரும்பக் கேட்கவே இல்லை என்று சுகந்தி அம்மா கடிதம் எழுதியிருந்தார்.

முகம் பதினொன்று. வேலை போனவர்கள் ஏழு. ஊரை விட்டுப் போனவர்கள் மூன்று. மயிலாத்தாள் ஒன்று.

கட்டிங் என்னிடம் இருக்கிறது. நேவி புளூ. இத்தனை வருஷத்தில் துளியும் சாயம் போகவில்லை. நல்லாத்தான் ஓட்டியிருக்கிறேன்.

என் முகம் எந்தக் கேசட்டிலும் இல்லை. ஆகவே இங்கே வைக்கிறேன். சின்னப்பன். நாலாம் நம்பர் விஞ்ச். சொன்னது நான்.