நீல உதட்டில் ஒரு நத்தை

ராட்சதச் சிப்பிக்கு நிழல் ஆகாது. தலைக்கு மேல் ஒரு கை அசைந்தால் போதும், வாயை மூடிக்கொள்ளும். இந்தப் புத்தி மனிதர்களுக்கும் இருந்திருந்தால் என் தங்கை கணவர் இன்று உயிரோடு இருப்பார். நானும் உங்கள் ஸ்டேஷனில் ஆறிப்போன காபியோடு உட்கார்ந்திருக்க மாட்டேன், இன்ஸ்பெக்டர்.

மாப்பிள்ளை குளியலறை டைல்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். கடலுக்கடியில் படம் எடுக்க ஆசைப்பட்டார். முக்குளிக்கக் கற்றுக்கொடுத்தேன். கேமராவைத் தண்ணீர் புகாத பெட்டிக்குள் எப்படி அடைப்பது என்று காட்டினேன். ஒரே ஒரு விதி சொன்னேன்: கீழே எதையும் கையால் தொடக் கூடாது. தலையை நன்றாகத்தான் ஆட்டினார்.

ஆனால் செய்தது என்ன? மணலில் ஊரும் நத்தையை எடுத்து, நிழல் விழாமல் பக்கவாட்டிலிருந்து சிப்பியின் நீல உதட்டில் வைப்பார். நிறம் எடுப்பாக இல்லையென்றால் வேறு நத்தை. டைல்ஸ் அடுக்கிய கை, சும்மா இருக்குமா? அந்த நத்தை, சிப்பி இருக்கும் பவளப்பாறைப் பக்கமே வராது என்று எந்த மேதாவிக்கும் தெரியவில்லை. கடல் அருங்காட்சியகத்தின் வாசல் கூடத்தில் என் படத்தை இறக்கிவிட்டு அவருடையதை மாட்டினார்கள். ஆணியைக்கூட மாற்றவில்லை.

அன்று தங்கை சொன்னாள்: “கோவிச்சுக்காதேண்ணா. உன் படமெல்லாம் பாடப்புத்தகம் மாதிரி இருக்கு. இவரோடதுலதான் உயிர் இருக்கு.”

மாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சிரித்தார். “விடும்மா, மச்சான் அந்தக் காலத்து ஆளு.”

எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன்.

கூம்பு நத்தையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். புடவைக் கடைக்காரர்கள் பார்த்தால் அந்த ஓட்டின் பூவேலையைத் திருடிவிடுவார்கள், அவ்வளவு அழகு. உள்ளே ஊசி மாதிரி ஒரு பல். அதில் விஷம். இதை நான் மாப்பிள்ளையிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. அவர் எதைத்தான் கேட்டார்?

அன்று காலை பெரிய சிப்பியின் ஓரத்தில் அப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை கையுறையைக் கழற்றினார். அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். தண்ணீருக்குள் பேச முடியாதே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினார். சரியா என்று முதல்முறையாக என்னிடம் கேட்கிறார். நானும் அதே வட்டத்தைக் காட்டினேன். சரி.

குத்தியது அவருக்கு வலிக்கவில்லை போலிருக்கிறது. நத்தையை உதட்டில் வைத்து இரண்டு படம் எடுத்தார். பிறகு கேமரா நழுவியது. வாய் தளர்ந்து காற்றுக்குழாய் விழுந்தது. எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே சாய்ந்தபோது நிழல் பட்டுச் சிப்பி மூடிக்கொண்டது. நான் எடுத்துக்கொண்டிருந்த படம் வீண்.

தங்கை ஒன்றுதான் கேட்டாள்: “நீ பக்கத்துலதானேண்ணா இருந்தே?”

இருந்தேன்.

பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும் நத்தை சிப்பி மேல் எப்படி ஏறியது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அருங்காட்சியகத்துக்காரர்களுக்குத்தான் தெரியாது என்றால் உங்களுக்குமா? நானே சொல்லிவிடுகிறேன். அவருக்கு முன்னால் இறங்கி, தேடி எடுத்து, அங்கே வைத்தது நான்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: என் விதியை நான் மீறவில்லை. கையால் தொடவே இல்லை, இடுக்கியால்தான் வைத்தேன்.