இன்னும் ரெண்டு கங்கு

ஆ... ஆ... அம்மாடி! மெதுவாக்கா! உசுரு போகுது! என்னக்கா இது, மனுஷன் காலுன்னு நெனச்சீங்களா, அடிப்பிடிச்ச சட்டின்னு நெனச்சீங்களா? இந்தத் தேய் தேய்க்கிறீங்க?... என்னது?... இன்னும் தொடவே இல்லையா? மருந்து டப்பா மூடியைத்தான் தொறந்தீங்களா?

சரி... சரி, விடுங்க. அது வந்து... வரப்போற வலிக்கு முன்கூட்டியே கத்தி வச்சேன். இப்ப தொடுறீங்களா? தொட்டுட்டீங்களா? ஆ! பாத்தீங்களா, வலிக்குது! நோட்டுல எழுதுங்கக்கா. "இஸ்கந்தர், இருபத்தாறு வயசு, இடது குதிகால், நல்லா வலிக்குது." 'நல்லா'ங்கிறதுக்குக் கீழ ஒரு கோடு போடுங்க. கால்ல கொஞ்சமாவது உணர்ச்சி தெரிஞ்சாத்தான் வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவேன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை எனக்கு ரொட்டி பிக்கிறாங்கக்கா! பொண்ணு வீட்டுல ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் உக்காந்து ரொட்டியைப் பிச்சு ஆளுக்கொரு துண்டு வாயில போட்டுட்டா முடிஞ்சுது, மஹ்பூபா எனக்குத்தான். உள்ள எனக்கு எடம் கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனா எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போயி அவங்க வாசல்ல விடணுமா இல்லையா? அந்தத் தெருவுல இருக்கிற அத்தனை ஜன்னலும் என் நடையைத்தானே பாக்கும்? நொண்டிக்கிட்டுப் போனேன்னு வைங்க, ரொட்டி முழுசாவே திரும்பி வந்துரும்.

நான் குப்புறப் படுத்துத் தலகாணியில மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டே பேசுறேன், தப்பா எடுத்துக்காதீங்க ஸுலைகா அக்கா. ரத்தம் பாத்தா எனக்கு ஆகாது. பதினஞ்சு வருஷமா தெனம் நாலு ஊசி எனக்கு நானே போட்டுக்கிறேன், ஆனா ரத்தம் ஆகாது. சிரிக்காதீங்க.

பதினோரு வயசுல வந்த சக்கரைக்கா. இந்த ஆஸ்பத்திரியில சக்கரைக்காரங்க வரிசையில நின்னா பெருசுங்க எல்லாம் என்னை மொறைக்குதுங்க. "தாத்தாவுக்கு எடம் புடிக்க வந்தியா தம்பி? அவரை வரச் சொல்லு, எடத்துக்கெல்லாம் ஆள் வைக்கக் கூடாது"ங்குது ஒண்ணு. எனக்குத்தான் சக்கரைன்னா நம்ப மாட்டேங்குதுங்க. "உன் வயசுல நான் குதிரையைத் தூக்குனேன்"ங்குது இன்னொண்ணு. குதிரையை எதுக்குய்யா தூக்கணும்? அதுவே நடக்குமே!

இந்தக் காலு இருக்கே... இதை மாதிரி ஒரு பொய்யனை நான் பாத்ததில்ல. போன வருஷம் ஆரம்பிச்சுது. படுத்தா போதும், எரியுது எரியுதுன்னு கத்தும். போர்வை நுனி பட்டா நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கும். வெளிய பனி கொட்டுது, நான் ரெண்டு காலையும் ஜன்னலுக்கு வெளிய நீட்டிக்கிட்டுத் தூங்குறேன். தெருவுல போறவன், யாரோ திருட வந்து ஜன்னல்ல சிக்கிக்கிட்டான்னு கதவைத் தட்டுறான். அப்புறம் ஊசி குத்தும். எறும்பு ஊரும். சாக்ஸுக்குள்ள மணல் இருக்கிற மாதிரியே இருக்கும். நான் பஜார்ல போன் ரிப்பேர் கடை வச்சிருக்கேன்ல, கடைக்குப் போற வழியில அஞ்சு தடவை நின்னு ஷூவைக் கழட்டிக் கொட்டுவேன். ஒரு மண்ணும் விழாது. சரி, இதெல்லாம் மனப்பிரமைன்னு கொட்டுறதை விட்டேன். அடுத்த வாரம் ஸ்க்ரூ டிரைவர் முனை ஒண்ணு காணாமப் போச்சு. கடை முழுக்கத் தேடினேன், பக்கத்துக் கடைக்காரனைத் திருடன்னு சொல்லிச் சண்டை போட்டேன். ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா என் ஷூவுக்குள்ளயே கெடக்குது. ரெண்டு நாளா மிதிச்சுக்கிட்டே அதைத் தேடியிருக்கேன்! இல்லாத மணலுக்குக் கத்தின காலு, இருக்கிற இரும்புக்கு வாயைத் தொறக்கலக்கா!

டாக்டரம்மா ஒரு பரீட்சை வச்சாங்க. கண்ணை மூடிக்கோ, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு இழையால பாதத்தைத் தொடுவேன், தெரிஞ்சா சொல்லுன்னாங்க. பள்ளிக்கூடத்துலயே நான் காப்பியடிச்சுப் பாஸானவன், இதுல தோப்பேனா? தெரியுது... தெரியுது... தெரியுது... அடுக்கிக்கிட்டே போறேன். கண்ணைத் தொறந்தா அந்தம்மா கதவுகிட்ட நின்னு யார் கூடவோ பேசிக்கிட்டு இருக்காங்க. "இன்னும் ஆரம்பிக்கவே இல்லப்பா"ங்கிறாங்க. மானமே போச்சு. அன்னிக்கே சொன்னாங்க, தெனம் காலைப் பாரு, வெறுங்காலோட நடக்காதே, நெருப்புகிட்ட கொண்டு போகாதேன்னு. இந்த ஊர்ல தை மாசக் குளிர்ல நெருப்புகிட்டப் போகாதேன்னா? மீனைத் தண்ணிகிட்டப் போகாதேன்னு சொல்ற கதையால்ல இருக்கு!

என்னது... கதவு சத்தமா? காத்துதான். அந்தத் தாழ்ப்பாளைச் சரி பண்ணச் சொல்லுங்கக்கா, ஐஸ் மாதிரி அடிக்குது. காலுக்கு இல்ல, காதுக்கு. ஆ! வலிக்குது வலிக்குது, எழுதிக்கோங்க.

என்னைக் கேட்டா, இது எல்லாத்துக்கும் காரணம் யாருன்னு சொல்லவா? மஹ்பூபாவோட அப்பா. நஸ்ருல்லா மாமா. மாமாவா அது? கரடி! மீசை வச்ச கரடி! என் காலைச் சுட்டது அந்த ஆளுதான். போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், போன் கெட்டுப் போச்சு வந்து பாருன்னு கூப்பிட்டாரு. போனேன். போன்ல ஒரு கோளாறும் இல்லக்கா, சத்தம் வராம அமுக்கி வச்சிருக்காரு. எனக்குப் புரிஞ்சுது, போனைக் காட்டக் கூப்பிடல, என்னை ஏற இறங்கப் பாக்கத்தான் கூப்பிட்டிருக்காரு. நானும் ஏற்பாடாத்தான் போயிருந்தேன். மஹ்பூபா எங்க தங்கச்சி மூலமா குடுத்து விட்ட கம்பளி சாக்ஸ், மாதுளம்பழச் செகப்பு, கணுக்கால்ல மான் கொம்புக் கோலம், அதைத்தான் போட்டிருந்தேன். அதே ஜோடியில ஒண்ணு இப்பவும் வலது கால்ல இருக்கு பாருங்க. இன்னொண்ணு... அதுக்குத்தான் வரேன்.

கரண்ட் இல்ல. அதனால சந்தலி போட்டிருந்தாங்க. இந்தச் சந்தலியைக் கண்டுபிடிச்சவன் மட்டும் என் கையில கெடைச்சான்னா... தரையில குழி வெட்டி, அதுல நெருப்புக் கங்கை அள்ளிக் கொட்டி, மேல ஒரு குட்டை மேசையைப் போட்டு, ரஜாய்னு ஒரு பெரிய பஞ்சுப் போர்வையால மூடி, நாலு பக்கமும் காலை உள்ள விட்டு உக்காருன்னா... உள்ள யாரு காலு எங்க இருக்கு, யாருக்குத் தெரியும்? இருட்டு! மத்தவங்களுக்குச் சுட்டா இழுத்துப்பாங்க. எனக்கு? என் காலு தகவலே அனுப்பாதே! விருந்தாளின்னு என்னை மேல் பக்கம் உக்கார வச்சாரு அந்தக் கரடி. மரியாதையாம். எங்க ஊர்ல மரியாதைன்னா என்ன பண்ணுவாங்க, உங்களுக்குத் தெரியாதா? கரண்டியை உள்ள விட்டு நல்ல செவந்த கங்கா பாத்து விருந்தாளி பக்கம் தள்ளுவாங்க. தள்ளுனாரு. தள்ளுனாரு. தள்ளிக்கிட்டே இருந்தாரு.

அத்தை கல்கண்டு போட்ட டீயை நீட்டுறாங்க, வேணாம்னா மொகம் வாடுது. குடிச்சேன். அல்வா வச்சாங்க. தின்னேன். அதுக்கு ஊசி போடணும்ல? மெதுவா நழுவி மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி போயி சட்டையைத் தூக்கி வயித்துல குத்திக்கிட்டு நிக்கிறேன், அத்தை வந்துட்டாங்க. "என்ன தம்பி, மாட்டுகிட்ட என்ன பண்றே?" சிக்னல் தேடுறேன்னேன். "வயித்துலயா?"ன்னாங்க. நல்ல மனுஷி, அதுக்கு மேல கேக்கல. சக்கரையைப் பத்தி அவங்க வீட்டுல ஒரு வார்த்தை சொல்லலக்கா. எப்படிச் சொல்றது? சொன்னா எந்த அப்பன் பொண்ணு குடுப்பான்? மஹ்பூபாகிட்ட மட்டும் சொல்லிட்டேன். "நீயே எங்க அப்பாகிட்ட சொல்லு, நான் சொன்னா அது நீ சொன்ன மாதிரி ஆகாது"ன்னுட்டா. சொல்லத்தான் போனேன். வாயைத் தொறக்கும்போதெல்லாம் அல்வாவை வச்சு அடைச்சுட்டாங்க.

இருமுறீங்களே அக்கா, சளி புடிச்சிருக்கா? நல்லா ஆம்பளை மாதிரி இருமுறீங்க. கருப்பு மிளகு போட்டுக் குடிங்க.

அப்புறம் பாருங்க, திரும்பி வந்து உக்காந்து கொஞ்ச நேரத்துல ஒரு வாசனை. அத்தை மூக்கை உறிஞ்சி "பிலாவ் அடிப்பிடிக்குது"ன்னு அடுப்படிக்கு ஓடுனாங்க. வந்து, பிலாவ் நல்லாத்தான் இருக்குன்னாங்க. மாமா ரஜாயை மோந்து பாத்தாரு. நானும் மோந்து பாத்தேன். "யாரோ கம்பளியைக் கொளுத்துறாங்க, என்ன ஜனங்க இதுங்க"ன்னு அக்கம்பக்கத்தை வேற திட்டினேன். கொஞ்ச நேரத்துல கறி வாசனை. ரஜாயைத் தூக்கி எட்டிப் பாக்குறேன்... மாதுளம்பழச் செகப்பு கருகிக் கரியாயிருக்கு. அதுக்குள்ளதான் என் குதிகால். கங்கு மேல சொகமா உக்காந்திருக்கு. ஒரு சின்ன 'ஆ' கூட இல்லக்கா! ராத்திரி பூரா நெருப்பே இல்லாம எரியுதுன்னு கத்துற காலு!

நான் என்ன பண்ணியிருக்கணும்? கத்தியிருக்கணும். நான் என்ன பண்ணேன்? பக்கத்துல தூங்கிக்கிட்டு இருந்த பூனையைக் காட்டி, "வால் கருகுது மாமா!"ன்னேன். பாவம், வாயில்லா ஜீவன். கரடி பாய்ஞ்சு அதைத் தூக்கி, வாலை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்து, கை கழுவுற செம்புக்குள்ள வாலை முக்குனாரு. அது அவரு கையைப் பிராண்டின பிராண்டு... அந்தக் களேபரத்துல நான் அவசர வேலைன்னு சொல்லி ஷூவை மாட்டிக்கிட்டு ஓடியே வந்துட்டேன். துஷான்பே டவுனுக்குப் போறேன், கடைக்குச் சாமான் வாங்கணும்னு போன்ல சொல்லி வச்சிருக்கேன். இங்க ரெண்டு தெரு தள்ளிப் படுத்திருக்கேன்னு அவங்களுக்குத் தெரியாது.

இப்ப சொல்லுங்க, யாரு மேல தப்பு? கங்கைத் தள்ளினது யாரு? அவருதானே?

...ஏன்க்கா பேச மாட்டேங்கிறீங்க?

சரி. உண்மையைச் சொல்லிடுறேன். அவரு சும்மா தள்ளல. ஒவ்வொரு தடவையும் கேட்டுட்டுத்தான் தள்ளுனாரு. "சூடு போதுமா மாப்ளே?" அந்த வார்த்தைக்கா... மாப்ளேன்னு மொத மொதலா கூப்பிடுறாரு. என்ன சொல்றது? சூடு தெரியலன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. அவரு காலை இழுத்துக்கிட்டாரு, அத்தை இழுத்துக்கிட்டாங்க. நான் மட்டும் நெஞ்சை நிமித்தி, "இன்னும் ரெண்டு கங்கு போடுங்க மாமா"ன்னேன். ஒரு தடவை இல்ல, மூணு தடவை. "இவன் ஆம்பளைடீ!"ன்னு அத்தைகிட்ட சொன்னாரு. எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. அங்க காலு வெந்துக்கிட்டு இருந்துச்சு. இந்த 'ஆ'வும் பொய்தான்க்கா. நீங்க என்ன பண்றீங்கன்னே எனக்குத் தெரியல. விரலை எடுக்க வேண்டி வருமோன்னு நேத்து டாக்டரம்மா வெளிய பேசினது காதுல விழுந்துச்சு. சுட்டது குதிகால்தான், ஆனா யாரு விரலைன்னு அவங்க சொல்லலயே. பயமா இருக்குக்கா. கட்டு போட்டாச்சா இல்லையா? திரும்பிப் பாக்கவா? ஸுலைகா அக்கா?...

...மாமா!

ஐயோ. நீங்களா? அக்கா எங்க?... மருந்து எடுக்கப் போயிட்டாங்களா? "இந்தக் காலைக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க, படுக்கையில படக் கூடாது"ன்னு சைகையிலயே சொல்லி உங்க கையில குடுத்துட்டாங்களா?... நீங்க எங்க இங்க... கையில என்ன கட்டு? பூனையா? நம்ம பூனையா? சீழ் வச்சுருச்சா! அடப் பாவமே, ஊசி போட்டீங்களா?... எவ்ளோ நேரமா புடிச்சிருக்கீங்க மாமா? பூனை கதையில இருந்தா?... அதுக்கு முன்னாடியா?... கதவு சத்தம் கேட்டதுல இருந்தா?

அந்தக் கரடி... அது வேற கரடி மாமா. எங்க கடைப்பக்கம் ஒருத்தர்...

இல்ல. நீங்கதான்.

உடனே எழுந்து போயிருக்கலாமே... என்னது? சாக்ஸைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டீங்களா? உங்க ஆட்டு ரோமம், உங்க பொண்ணு கைக்கோலம்... ஆமா. என்ன கேக்குறீங்க? இப்ப நீங்க புடிச்சிருக்கிறது தெரியுதான்னா?

தெ...

தெரியல மாமா. சத்தியமா தெரியல. முட்டிக்குக் கீழ பாதிக் காலுல இருந்து எதுவுமே தெரியல. பதினோரு வயசுல இருந்து சக்கரை, ஊசி போடுறேன், நரம்பு கெட்டுப் போச்சு. அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன். ரொட்டி பிக்கிறதும் பிக்காததும் உங்க இஷ்டம்.

என்னைப் பாக்காதீங்க, நான் தலகாணியிலயே மூஞ்சியை வச்சுக்கிறேன்... அடிபட்ட கையால தூக்கிப் புடிச்சிருக்கீங்க, வலிக்கும். கீழ வச்சுட்டுப் போங்க மாமா. போயிட்டீங்களா?... மாமா? காலை விட்டுட்டீங்களா, இன்னும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கீங்களா? எனக்கு எப்படித் தெரியும்... நீங்கதான் சொல்லணும்.