வெள்ளிக்கிழமை டிஸ்க்

எனக்குப் பொய் சொல்ல வராது, சார். என் மனைவியைக் கேளுங்கள். என்னைப் பற்றி ஆயிரம் குறை சொல்வாள், அந்த ஒன்றைச் சொல்ல மாட்டாள்.

குரல்வளையை எடுக்கும் அறுவை சிகிச்சைக்கு முன்னால், நோயாளிகள் தங்கள் குரலைப் பதிந்து வைக்க எங்கள் மருத்துவமனையில் ஓர் இணையச் செயலி உண்டு. பிறகு அவர்கள் போனில் எழுத்தைத் தட்டினால் போதும், அவர்களுடைய குரலிலேயே பேசும். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு பேர். ஆறு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் அத்தனை குரலையும் டிஸ்க்கில் நகலெடுத்து, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவேன். மழையில் நான் நனைந்தாலும் பை நனையாது.

என் மைத்துனனுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. வந்த வாரமே, நகல் தினமும் தானாகக் கிளவுடுக்குப் போகும்படி செய்துவிட்டான். முப்பது நாளுக்கு முந்தைய நகல் தானாகவே அழியும். காலையில் 'வெற்றி' என்று மின்னஞ்சல் வரும். பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார். வீட்டில் என் மனைவி, "உங்க ஆறு வருஷ வேலைய என் தம்பி ஒரே வாரத்துல முடிச்சிட்டான், பாத்தீங்களா?" என்று சிரித்தாள். பொறாமைதான், சார். அதற்கு வேறு பெயர் வைக்க நான் விரும்பவில்லை.

ஒரு மதியம் அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது, எந்த ஃபோல்டரை நகலெடுக்க வேண்டும் என்ற வரியை மாற்றினேன். காலி ஃபோல்டர் ஒன்றைக் காட்டிவிட்டேன். அது தினமும் ஒன்றுமில்லாததைப் பத்திரமாக அனுப்பிவிட்டு, வெற்றி என்றது. அவன் ஒருநாளாவது திறந்து பார்த்திருக்கலாம். நானாக இருந்தால் பார்த்திருப்பேன். யாருக்கும் சொல்லாமல் என் டிஸ்க்கை மட்டும் வெள்ளிதோறும் நிரப்பிவந்தேன். என்றைக்காவது குரல்களை வைத்திருக்கும் இயந்திரம் படுத்தால் டாக்டர் என்னைத் தேடி வருவார், டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைக்கலாம். என் ஆசை அவ்வளவுதான்.

மூன்றாம் மாதம் இயந்திரம் படுத்தது. அதில் என் கை இல்லை. கிளவுடைத் திறந்து பார்த்தால், மிச்சமிருந்த முப்பது நாள் நகலும் காலி. டாக்டர் கேட்பார் என்று மூன்று நாள் டிஸ்க்கைப் பையில் சுமந்துகொண்டு போய்வந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மூன்றாம் நாள் வரவேற்பறையில் ஒரு தாய் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சின்ன மகள் அதை வாங்கிக் காதில் வைத்து, "அம்மா, பேசும்மா" என்றாள். எனக்கும் மனசு இருக்கிறது. யார் கேட்டாலும் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போனேன்.

மைத்துனன் அங்கே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான் பையை அவன் பக்கத்தில் வைத்தேன்.

"மாமா, உங்க பழைய டிஸ்க் ஏதாச்சும் இருக்கா?"

சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி அவன் தலையைக் கோதி, "அழாதடா. உன் அளவுக்கு அங்க யாருக்குடா வேல தெரியும்?" என்றாள்.

"இல்லப்பா," என்றேன்.

சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாதல்லவா? சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, அறைக்குள் போய் டிஸ்க்கை முழுவதுமாக அழித்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. இன்றுவரை நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, சார்.